பத்தாயிரத்தில் ஒன்று, ஐம்பதில் ஒன்று

"எங்கள் பரம்பரையில் யாருக்கும் இந்த நோய் கிடையாது. எங்கள் குழந்தைக்கு மட்டும் எப்படி வந்தது?"

பக்கத்து வீட்டு நண்பர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். நான் பௌதிகம் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். ஆயினும் இக்கேள்விக்கு விடை பாதியளவு கணக்கில்தான் இருக்கிறது. அதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அரிய நோய் என்பது எது? நாட்டுக்கு நாடு அளவுகோல் வேறுபடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 பேருக்கு ஐவருக்கு மேல் இல்லாத நோய் அரிய நோய். அமெரிக்காவில், நாடு முழுவதிலும் 2,00,000 பேருக்குக் குறைவாக உள்ள நோய். இந்தியா 2021-இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. போதிய கணக்கெடுப்பு இல்லாமையால் அதில் இத்தகைய எண் எதுவும் குறிக்கப்படவில்லை. அரிய நோய்கள் 6,000-க்கு மேல் உள்ளன. ஒவ்வொன்றும் வெகு சிலருக்கே. எல்லாவற்றையும் கூட்டினால் உலகில் ஏறத்தாழ 30 கோடிப் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்! இந்நோய்களில் பெரும்பாலானவை மரபுவழி வருபவை.

ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் ஃபினைல்கீட்டோனூரியா. உணவிலுள்ள புரதத்திலிருந்து கிடைக்கும் ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலத்தை மாற்றும் நொதி இக்குழந்தைகளுக்குச் சரிவர வேலை செய்வதில்லை. அந்த அமிலம் இரத்தத்தில் தேங்கி மூளை வளர்ச்சியைக் கெடுத்துவிடும். 1934-இல் நார்வேயில் ஒரு தாய், மனவளர்ச்சி குன்றிய தம் இரு குழந்தைகளையும் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் காட்டினார். அவர் குழந்தைகளின் சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடு கரைசலைச் சேர்த்தபோது அது பச்சையாக மாறியது. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் அதே ஃபெர்ரிக் குளோரைடுதான். நோய் இவ்வாறுதான் கண்டுபிடிக்கப்பட்டது.

ஐரோப்பாவில் ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது. இனிக் கணக்கு. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, பழுதுற்ற ஜீன்கள் இரண்டு சேர்ந்தால்தான் நோய். ஒன்று மட்டும் உள்ளவர் நலமாகவே இருப்பார். அவரைச் சுமப்பவர் என்போம். சுமக்கும் இருவர் மணந்தால், குழந்தைக்கு நோய் வரும் நிகழ்தகவு 1/4. ஒருவர் சுமப்பவராக இருக்கும் நிகழ்தகவு 1/50 என்று வைத்துப் பாருங்கள்:

1/50 × 1/50 × 1/4 = 1/10,000.

சரியாக வந்துவிட்டதல்லவா? அங்கே 50 பேர் கொண்ட வகுப்பில் சராசரியாக ஒருவர் இந்த ஜீனைச் சுமக்கிறார். நோய் அரிது, ஜீன் அரிதன்று. தலைமுறை தலைமுறையாக யாருக்கும் தெரியாமலே அது கடந்து செல்லும். இக்கணக்கின் பொது வடிவத்தை 1908-இல் வெளியிட்டவர்களுள் ஒருவர் ஹார்டி. பின்னாளில் நம் இராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்தவர்.

என் நண்பரின் குழந்தைக்கு வந்தது வேறு நோய். ஆனால் கணக்கு இதே வகை. அவர் மணந்தது தம் மாமன் மகளை. அவரிடம் பழுதுற்ற ஜீன் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அது அவருடைய தாய் வழியாக வந்திருக்க 1/2. தாயிடம் இருந்தால் மாமனிடமும் இருக்க 1/2. மாமனிடமிருந்து மகளுக்குச் செல்ல 1/2. பெருக்கினால் 1/8. ஆகவே, மேற்கண்ட கணக்கில் இரண்டாவது 1/50-க்குப் பதில் 1/8 வருகிறது:

1/50 × 1/8 × 1/4 = 1/1,600.

வாய்ப்பு ஆறு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. அக்காள் மகளை மணந்தால் 1/8-க்குப் பதில் 1/4, விடை 1/800. பயப்பட வேண்டாம்: 1,600-இல் 1,599 குழந்தைகளுக்கு இந்நோய் இல்லை. ஆனால் இத்தகைய நோய்கள் பல நூறு உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. மற்றொன்று: அந்த வீட்டில் எல்லோரும் குழந்தையின் தாயைத்தான் குறை சொன்னார்கள். மேலேயுள்ள கணக்கில் தந்தையின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள்.

ஃபினைல்கீட்டோனூரியாவுக்கு வழி பிறந்துவிட்டது. 1960-களில் கத்ரி என்ற அமெரிக்கர், பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து சில சொட்டு இரத்தத்தை வடிதாளில் எடுத்துச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். உடனே கண்டறிந்து, ஃபினைல் அலனின் குறைந்த உணவைத் தொடர்ந்து கொடுத்துவந்தால் மூளை காப்பாற்றப்படுகிறது.

உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு நோய் 40,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. சுமப்பவர் எத்தனை பேரில் ஒருவர்? மாமன் மகளை மணந்தால் வாய்ப்பு எத்தனை மடங்கு கூடும்? ஆறு மடங்கைவிட அதிகமாக வந்தால், ஏன் என்று யோசியுங்கள்.