முயல் குட்டிகளைத் தாயிடமிருந்து எப்போது பிரிக்கலாம்?

முயல் வளர்க்கும் சிறு விவசாயிகளில் சிலர், குட்டி போட்டு மூன்று வாரம் ஆனதும் குட்டிகளைத் தனிக் கூண்டில் பிரித்து விட்டுவிடுகிறார்கள். அந்த வயதில் குட்டிகள் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். கண் திறந்து, ரோமம் முளைத்து, பெட்டியை விட்டு வெளியே வந்து புல்லைக் கடிக்கும். இனித் தாய் எதற்கு என்று தோன்றுவது இயல்பே. பிரித்த நாலைந்து நாளில் ஒரு குட்டி தீவனத்தை விட்டு மூலையில் ஒடுங்கி உட்காரும். வயிறு உப்பும். மறுநாள் பின்புறம் கழிச்சலில் நனைந்திருக்கும். அதற்கடுத்த நாள் காலையில் இரண்டு குட்டிகள் இறந்து கிடக்கும். கொள்ளை நோய் வந்துவிட்டதென்று எண்ணி மருந்து தேடி அலைவார்கள். பல சமயம் குறை நாள் கணக்கில்தான் இருக்கும்.

அவசரப்படுவதற்குக் காரணங்கள் உண்டு. வளர்ப்புப் பிராணியாக விற்கும் வியாபாரிக்குச் சிறு குட்டிதான் வேண்டும். கூடையில் பஞ்சு போல் இருந்தால் உடனே விலை போகும். சிலருக்குக் கூண்டு போதவில்லை. பெரும்பாலோருக்கு உள்ள காரணம், தாயைச் சீக்கிரம் மறுபடி சினையாக்க வேண்டும் என்பது. இந்தக் கடைசிக் காரணம் சரியல்ல என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

மூன்றாவது வாரத்தில் என்ன நடக்கிறது?

முயலின் பால் பசுவின் பாலைப் போன்றதல்ல. பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு 4 பங்கு அளவில் இருக்கும். முயல் பாலில் 12 பங்கு வரை இருக்கும். புரதமும் பசும்பாலில் உள்ளதைப் போல மூன்று மடங்குக்கு மேல். குட்டி போட்ட நாளிலிருந்து பால் படிப்படியாகக் கூடி, மூன்றாவது வாரத்தில் உச்சத்தை அடைகிறது. அதன் பிறகே குறையத் தொடங்கும். ஆகவே 21ஆம் நாளில் பிரிப்பவர், பால் மிக அதிகமாகச் சுரக்கும் வாரத்தில் குட்டிகளை எடுத்து விடுகிறார். குட்டிக்கு நட்டம் என்பதோடு, பால் கட்டித் தாய்க்கு மடிவீக்கம் வரவும் இது வழி செய்கிறது.

நட்டம் சத்துக் குறைவோடு நிற்பதில்லை. வளர்ந்த முயலின் இரைப்பையில் அமிலம் கடுமையாக இருக்கும். தீவனத்தோடு உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பகுதி அங்கேயே மாண்டுவிடும். பால்குடிக் குட்டியின் இரைப்பையில் அந்த அளவுக்கு அமிலம் கிடையாது. அதற்கு ஈடாகப் பாலிலிருந்து உண்டாகும் சில கொழுப்பு அமிலங்கள் கிருமிகளை அடக்கி வைக்கின்றன. பாலை நிறுத்தினால் இந்தக் காவல் போய்விடும். அமிலத்தின் காவலோ இன்னும் வந்திருக்காது. இந்த இடைவெளியில்தான் கழிச்சலை உண்டாக்கும் கிருமிகள் குடலில் பெருகுகின்றன.

முயலின் வயிற்றில் குருட்டுக்குடல் என்ற பெரிய பை இருக்கிறது. நார்த்தீவனம் அங்கேதான் நுண்ணுயிர்களால் புளித்துச் செரிக்கிறது. மிருதுவான ஒருவகைப் புழுக்கையை முயல் தன் வாயாலேயே எடுத்துத் தின்பதைப் பார்த்து அருவருப்படைய வேண்டியதில்லை. குருட்டுக்குடலில் தயாரான சத்தை அது இரண்டாம் முறை பெறும் வழி அது. குட்டிகள் இப்பழக்கத்தை மூன்று வார வயதுக்கு மேல்தான் தொடங்குகின்றன. அதற்கு முன்பே, தாய் பெட்டியில் விடும் புழுக்கையைக் கொஞ்சம் கொறித்துத் தேவையான நுண்ணுயிர்களைப் பெறுகின்றன. பாலும் புல்லும் சேர்ந்து உள்ளே போகும் அடுத்த இரண்டு மூன்று வாரங்களில்தான் வயிறு புல்லுக்குப் பழகுகிறது. நாற்றங்காலில் வேர் பிடிக்காத நாற்றைப் பிடுங்குபவர் யாருமில்லை. குட்டியின் வயிற்றுக்கும் அவ்வளவு நாள் கொடுக்க வேண்டும்.

தாய் பால் கொடுக்கவில்லையா?

முயல் வளர்ப்பில் புதிதாக இறங்கியவர்களை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. ஆடும் பசுவும் போலத் தாய் முயல் குட்டிகளோடு கூடவே இருப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு முறை, சில முயல்கள் இரண்டு முறை, பெட்டிக்குள் போய் மூன்று நான்கு நிமிடம் பால் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடும். பெரும்பாலும் இது இரவிலோ விடியற்காலையிலோ நடக்கும். பகல் முழுவதும் காத்திருந்து பார்த்தவர், தாய் குட்டிகளைக் கைவிட்டது என்று முடிவு செய்து, அவற்றை எடுத்துப் பசும்பாலைப் பஞ்சில் நனைத்துப் புகட்டத் தொடங்குவார். அப்படி வளர்த்த குட்டிகள் பிழைப்பது அரிது.

பெட்டியைக் காலையில் ஒரு முறை பார்த்தால் போதும். வயிறு உருண்டு, தோல் சுருக்கமில்லாமல், குட்டிகள் அமைதியாகக் கிடந்தால் பால் குடித்திருக்கின்றன. வயிறு ஒட்டி, தோல் சுருங்கி, கை பட்டதும் தலையைத் தூக்கித் துழாவினால் பசி. பசியாக இருக்கும் குட்டிகளுக்கும் புட்டியை விட வேறொரு தாயே நல்லது. இரண்டு மூன்று முயல்களை ஒரே நாளில் சேர்க்கை செய்வது இதற்காகத்தான். வயதில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வித்தியாசம் இல்லாத குட்டிகளை, மற்ற தாயின் பெட்டியிலுள்ள ரோமத்தில் புரட்டி உள்ளே விட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். ஒரு தாயிடம் எட்டுக் குட்டிக்கு மேல் விடாமலிருப்பது நல்லது. பொதுவாகக் காம்புகள் எட்டுதான்.

அடுத்த சினைக்குப் பிரிக்க வேண்டியதில்லை

தாயைக் கெடாவிடம் விடக் குட்டிகளைப் பிரிக்க வேண்டும் என்பது தவறான எண்ணம். முயலுக்குச் சேர்க்கை நடந்த பிறகே கரு முட்டை வெளிப்படுகிறது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும் போதே அது சினை பிடிக்கும். கணக்கைப் பார்த்தால் விளங்கும். குட்டி போட்ட 21ஆம் நாள் சேர்க்கை செய்தால், சினைக் காலம் சுமார் 31 நாள். அடுத்த ஈற்று 52ஆம் நாள் வரும். குட்டிகளை 42ஆம் நாள் பிரித்தாலும் தாய்க்குப் பத்து நாள் ஓய்வு கிடைக்கிறது. 21ஆம் நாளே பிரித்தவருக்கும் அடுத்த ஈற்று அதே 52ஆம் நாள்தான். அவசரத்தால் ஒரு நாள் கூட மிச்சமில்லை. போனது குட்டிகள் மட்டுமே. தாய் மெலிந்திருந்தால், குட்டிகளைப் பிரித்து, தேறிய பிறகே சேர்க்கை செய்ய வேண்டும். கோடையில் சமவெளியில் இது மிகவும் முக்கியம்.

நல்ல குச்சித் தீவனமும் தேர்ந்த கவனிப்பும் உள்ள பெரிய பண்ணைகளில் 28 முதல் 35 நாளில் பிரிக்கிறார்கள். வேலிமசாலையும் தவிட்டையும் நம்பி வளர்க்கும் சிறு விவசாயிக்கு ஆறு வாரம், அதாவது 42 நாள், பத்திரமானது. நாளோடு எடையையும் பார்க்க வேண்டும். அரைக் கிலோ எட்டாத நோஞ்சான் குட்டியைத் தாயிடமே இன்னும் ஒரு வாரம் விட்டு வைக்கலாம். எட்டு வாரத்துக்கு மேல் வைத்திருப்பதில் பயனில்லை. பால் வற்றியிருக்கும், கூண்டும் நெருக்கடியாகும்.

பிரிக்கும் முறை

குட்டிகளைத் தூக்கிப் புதுக் கூண்டுக்கு மாற்றுவதை விட, தாயை வேறு கூண்டுக்கு மாற்றிவிட்டுக் குட்டிகளைப் பழகிய இடத்திலேயே விடுவது மேல். அதே தண்ணீர்க் குவளை, அதே தீவனத் தட்டு, கூடப் பிறந்தவற்றின் அணைப்பு இருந்தால் பயம் குறையும். தாய்க்கு இரண்டு மூன்று நாள் அடர்தீவனத்தைக் குறைத்தால் பால் தானே வற்றும். அந்நாட்களில் மடியைத் தொட்டுப் பார்த்து, சூடாகவோ கட்டியாகவோ இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிரித்த வாரத்தில் தீவனத்தை மாற்றவே கூடாது. தாயோடு இருந்தபோது எதைத் தின்றனவோ அதையே கொடுக்க வேண்டும். அடர்தீவனம் குட்டி ஒன்றுக்கு நாளுக்கு 30 முதல் 40 கிராம் போதும். உலர்ந்த புல் எப்போதும் கூண்டில் இருக்கட்டும். நார் போதாமல் தானியம் கூடினால் கழிச்சல் நிச்சயம். பனியிலும் மழையிலும் நனைந்த புல்லை நிழலில் வாட விட்டுப் போட வேண்டும். கோசு இலை மலிவாகக் கிடைக்கிறதென்று இந்த வயதில் அள்ளிப் போடுவது ஆபத்து.

கழிச்சல் கண்டால் பசுந்தீவனத்தையும் அடர்தீவனத்தையும் நிறுத்தி, உலர்ந்த புல்லும் சுத்தமான தண்ணீரும் மட்டும் வைத்து, கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். கோழிக்கும் மாட்டுக்கும் வாங்கிய மருந்தை முயலுக்குப் புகட்டக் கூடாது. பென்சிலின் வகை மருந்துகளை வாய் வழியாகக் கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயலே இறந்துபோகும். இந்த வயதில் இரத்தக் கழிச்சல் நோயும் தாக்கும். அதற்கு மருந்து வேறு. கம்பித் தரையில் புழுக்கை ஒட்டாமல் தினமும் தட்டிவிட்டால் அந்நோய் பெரிதும் குறையும்.

குட்டி வாங்கிப் பண்ணை தொடங்குவோர், விலை பேசுமுன் பிறந்த தேதியைக் கேட்க வேண்டும். தேதி சொல்லத் தெரியாதவரிடம் வாங்காமலிருப்பது நல்லது. பிரித்த அன்றே பேருந்தில் ஏற்றி வந்த குட்டி, பயணத்தின் அலுப்பையும் பால் நின்றதையும் ஒன்றாகத் தாங்காது. பிரித்து ஒரு வாரமாவது ஆனதை வாங்க வேண்டும். அங்கே போட்ட தீவனத்தையே ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு கையோடு வாங்கி வந்து, வீட்டுத் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றலாம். சொந்தப் பண்ணையில், சேர்க்கை செய்த நாள், ஈன்ற நாள், பிரிக்க வேண்டிய நாள் மூன்றையும் ஓர் அட்டையில் எழுதிக் கூண்டிலேயே கட்டித் தொங்கவிட்டால், வீட்டில் யார் தீவனம் போட வந்தாலும் கணக்குத் தெரியும்.