இரத்தப் பரிசோதனையும் பிள்ளையின் மூச்சும்

நமது தோட்டத்தில் பிறந்து, கலியாணம் கட்டி இப்போது கொடிகாமத்தில் இருக்கும் ஒரு தாய் எங்களிடம் கேட்டார்: "பிள்ளைக்கு இருமலும் காய்ச்சலும். நியுமோனியாவா என்று பார்க்க இரத்தம் எடுக்கணுமாம். நெஞ்சு வருத்தத்துக்கு எதுக்கு இரத்தம்? ரிப்போர்ட் நல்லா இருந்தா பயமில்லைதானே?" லயத்துத் தாய்மார் எல்லோருக்கும் பயன்படும் கேள்வி என்பதால் இங்கே விளக்குகிறோம்.

நியுமோனியா என்பது நுரையீரலில் கிருமி தொற்றும் நோய். கிருமி பக்டீரியாவாகவும் இருக்கலாம், வைரசாகவும் இருக்கலாம். அன்டிபயோட்டிக் மருந்து பக்டீரியாவுக்கு மட்டுமே வேலை செய்யும். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான். எது என்று ஊகிக்க இரத்தம் உதவுகிறது.

இரத்தத்தில் பார்ப்பவை:

1. வெள்ளை அணுக்கள்: கிருமியோடு போராடுபவை. பக்டீரியா தொற்றினால் பெரும்பாலும் கூடும்.

2. சீ.ஆர்.பி.: உடம்பில் அழற்சி வந்தால் ஈரல் சுரக்கும் ஒரு புரதம். 1930இல் நியூயோர்க்கில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் இதை முதலில் கண்டதே நியுமோனியா நோயாளிகளின் இரத்தத்தில்தான்.

3. புரோகல்சிடோனின்: கடுமையான பக்டீரியாத் தொற்றில் ஏறும். செலவு கூடிய சோதனை. எல்லா இடத்திலும் செய்வதில்லை.

ஆனால் இவை உதவி மட்டுமே, தீர்ப்பு அல்ல. நோய் தொடங்கி ஆறு மணித்தியாலம் அளவில்தான் சீ.ஆர்.பி. ஏறத் தொடங்கும், உச்சத்துக்கு வர இரண்டு நாள் ஆகும். அவசரமாக எடுத்தால் குறைவாகக் காட்டலாம். சில வைரசுகளிலும் அது கூடும். கூடியிருந்தாலும் தொற்று நெஞ்சில்தான் என்று சொல்லாது. ஆகவே ரிப்போர்ட் நல்லது என்று மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. டாக்டரும் பிள்ளையின் மூச்சைப் பார்த்து, நெஞ்சைச் சோதித்து, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்துத்தான் முடிவு செய்வார்.

மூச்சை நாமே வீட்டில் எண்ணலாம். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, மணிக்கூட்டைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கீழே உள்ள அளவோ அதற்கு மேலோ இருந்தால் வேகமான மூச்சு:

2 மாதத்திற்குக் கீழ்: 60
2 முதல் 11 மாதம் வரை: 50
1 முதல் 5 வயது வரை: 40

வேகமாக இருந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். மூச்சு எடுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி உள்ளே இழுபட்டால், பால் தண்ணீர் குடிக்காவிட்டால், குடித்ததெல்லாம் வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் எழும்பாவிட்டால், உதடு நீலமானால் இராத்திரி என்றாலும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். கொடிகாமத்தில் இருப்பவர்களுக்கு சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை கிட்ட. தோட்டத்தில் இருப்பவர்கள் வாகனத்துக்கு உடனே நிர்வாகத்திடம் சொல்லுங்கள். ரிப்போர்ட் வரும் வரை லயத்தில் காத்திருக்க வேண்டாம்.

போன தடவை மிஞ்சிய அன்டிபயோட்டிக் பாணியை நாமாகக் கொடுக்கக் கூடாது. 2, 4, 6 மாதத் தடுப்பூசிகளைத் தவறவிடக் கூடாது. நியுமோனியாவை உண்டாக்கும் ஹிப் என்ற கிருமிக்கான மருந்தும் அவற்றில் 2008 முதல் சேர்ந்துள்ளது. அடுப்புப் புகையில் பிள்ளையை வைத்திருக்கவும் கூடாது.

ஒரு நாள் பேர் போகுதே என்று பார்த்து நாளைக்குப் போவோம் என்று தள்ளாதீர்கள். பேர் நாளைக்கும் போடலாம். பிள்ளையின் மூச்சு நாளை வரை பொறுக்காது.