பழக்கமும் பருவமும்

பாறசாலையிலிருந்து நெடுஞ்சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால், இஞ்சிவிளையைக் கடந்ததும் களியக்காவிளை வந்துவிடும். இடையில் ஒரு மாநில எல்லை இருக்கிறது. 1956 நவம்பர் முதல் நாள் இட்ட கோடு அது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அந்த வரலாற்றை நம் மன்றத்தில் பலர் பேசியிருக்கின்றனர். நான் எழுதப் புகுந்தது அக்கோட்டின் இருபுறமும் வாழும் மக்களின் பழக்கங்களைப் பற்றி; அப்பழக்கங்களிலிருந்து மீள விரும்புவோரிடம் எப்படிப் பேசுவது என்பதைப் பற்றி.

கோட்டின் இப்புறம் உரிமம் பெற்ற கடையில் கள் கிடைக்கும். அப்புறம் 1987 முதல் கள் இறக்கவே தடை. இப்புறம் அரசே பரிசுச்சீட்டு விற்கிறது. கேரள அரசு 1967இல் அதற்கென ஒரு துறையை அமைத்து, 1968 சனவரி 26இல் முதற் குலுக்கலை நடத்தியது. அப்புறம் 2003 முதல் பரிசுச்சீட்டுக்குத் தடை. இப்புறம் மது வாங்க 23 வயது நிரம்பியிருக்க வேண்டும். அப்புறம் 21 போதும். மாதத்தின் முதல் நாள் இப்புறத்து அரசு மதுக்கடைகள் மூடியிருக்கும்; அப்புறம் அந்த வழக்கம் இல்லை. ஆகவே சீட்டு வாங்க அங்கிருந்து ஒருவர் இங்கே வருகிறார். முதல் தேதியன்று புட்டி வாங்க இங்கிருந்து ஒருவர் அங்கே போகிறார். ஒரு சட்டம் பூட்டும் கதவை மற்றொரு சட்டம் நடைதூரத்தில் திறந்து வைத்திருக்கிறது. இத்தகைய ஊர்களில் தடையை மட்டும் நம்பிப் பயன் இல்லை. மனிதனோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

அப்படிப் பேசுவதை இன்று ‘ஆற்றுப்படுத்தல்’ என்கிறோம். இச்சொல்லை ஆக்கியவர் யாராயினும் நன்றாகவே ஆக்கினார். ஆற்றுப்படை நூல்களில் வழி சொல்பவன் யார்? தானே அவ்வழி நடந்து, வள்ளலைக் கண்டு, பரிசில் பெற்று மீள்பவன். எதிரே வறுமையோடு வருபவனைப் பழிக்காமல், தான் நடந்த வழியை எடுத்துரைக்கிறான். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்குத் தரகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் சந்தித்துப் பேசியதிலிருந்து பிறந்த ‘ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கமும் இதே முறையில்தான் நடக்கிறது. இருவருமே குடியில் வீழ்ந்தவர்கள். மீண்டவன் மீளாதவனுக்கு வழி சொல்வது அவ்வியக்கத்தின் உயிர்.

அறிவுரை வேறு, ஆற்றுப்படுத்தல் வேறு. குடிப்பவருக்கு அறிவுரை கூற ஊரில் ஆட்கள் குறைவில்லை. மனைவி, மாமனார், போதகர், பூசாரி, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் வரை அனைவரும் கூறிவிட்டனர். 1983இல் வில்லியம் மில்லர் என்னும் உளவியலறிஞர் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். “விடு” என்று நாம் வலிந்து வாதிட்டால், எதிரிலிருப்பவர் “விடமாட்டேன்” என்னும் பக்கத்து வாதத்தையே எடுப்பார். தம் வாயால் எடுத்த வாதத்தைத் தாமே நம்பவும் தொடங்குவார். ஆகவே விடவேண்டிய காரணங்களை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். அதே ஆண்டில் புரோசாஸ்கா, டிகிளமெண்டி என்னும் இருவர், மாற்றம் என்பது ஒரே பாய்ச்சல் அன்று என்று விளக்கினர். எண்ணமே இல்லாத நிலை, இருமனப்பட்ட நிலை, செயலில் இறங்கும் நிலை, காத்து நிற்கும் நிலை எனப் படிகள் உண்டு. வழுக்கி விழுந்து மீண்டும் ஏறுவதும் உண்டு. இருமனப்பட்டு நிற்பவனிடம் “நாளை மருத்துவமனையில் சேர்” என்றால் அவன் மறுநாள் நம் கண்ணில் படமாட்டான்.

நம் வட்டாரத்துக்கு உரிய ஒரு செய்தியும் உண்டு. பாறசாலைச் சிற்றூர்களில் ஒருவன் பள்ளியில் மலையாளம் படித்திருப்பான்; வீட்டில் தமிழ் பேசுவான்; சந்தையில் இரண்டையும் கலப்பான். மருத்துவமனைத் தாளில் அவன் பெயர் மலையாளத்தில் இருக்கும். கணக்கும் காரியமும் எம்மொழியிலும் சொல்லலாம். நாணத்தையும் அச்சத்தையும் தாய் பேசிய மொழியில்தான் சொல்ல வரும். “காலையில் மனப்பதற்றமும் கைந்நடுக்கமும் உண்டா?” என்று புத்தகத் தமிழில் கேட்டால் “இல்லை சார்” என்பான். “விடியக்காலம் ஒரு வெப்ராளம் வருமா அண்ணாச்சி?” என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவான். வெப்ராளம் என்னும் அச்சொல் கோட்டின் இருபுறமும், இரு மொழியிலும் வழங்குகிறது.

இனிப் பருவங்களைப் பார்ப்போம். சிறுவர்களிடம் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் மதுவன்று. பொட்டலப் புகையிலையும் கைப்பேசி விளையாட்டுமே. குட்காவைக் கேரளம் 2012இலும் தமிழ்நாடு 2013இலும் தடுத்தும் பொட்டலங்கள் ஒழிந்தபாடில்லை. இப்பருவத்தில் அச்சுறுத்தும் சொற்பொழிவு பயன் தராது. இருபது ஆண்டுக்குப் பின் வரும் புற்றுநோய் பதினான்கு வயதுப் பையனுக்குக் கதை. விளையாட்டில் மூச்சு வாங்குவது, வாய் நாறுவது, கூட்டாளியிடம் கடன்படுவது இவை அவனுக்கு மெய். குடிக்கும் தந்தையின் பிள்ளை நம்முன் வந்தால், அவன் பழக்கத்தைப் பற்றிக் கேட்குமுன் ஒன்று சொல்ல வேண்டும்: “அப்பா குடிப்பதற்கு நீ காரணமில்லை.” அக்குழந்தைகளில் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வளர்கின்றனர்.

அடுத்தது நம் பருவம். பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் மூளையின் முன்பகுதி, அதாவது ஆசையை நிறுத்திப் பார்க்கும் பகுதி, இன்னும் முற்றுப்பெறவில்லை என்று அறிவியலார் கூறுகின்றனர். கட்டட வேலைக்குப் போகும் இளைஞனுக்குக் கையில் அன்றாடக் கூலி. வளைகுடா விசாவுக்குக் காத்திருப்பவனுக்குக் கையில் வெறும் நேரம். இரண்டும் ஆபத்தே. கஞ்சாவும் மாத்திரையும் தொட்டவனை உதவி கேட்க விடாமல் தடுப்பது பெரும்பாலும் போலீசு அச்சம். அமரவிளைச் சோதனைச் சாவடியில் பைகளைக் குடைவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அவர்களுக்குச் சட்டத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, போதைக்கு அடிமையான ஒருவர், நுகர்ந்த குற்றமோ சிறிய அளவு தொடர்பான குற்றமோ சாட்டப்பட்டிருந்தால், தாமே முன்வந்து அரசு ஏற்ற மருத்துவ நிலையத்தில் சிகிச்சை பெறும்போது வழக்கினின்று விலக்குப் பெறலாம். சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதை அறிந்த மாணவர் நம்மிடையே எத்தனை பேர்?

இப்பருவத்தாரிடம் பேச்சு எப்படிப் போகலாம் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன்.

“குடியில் உனக்குப் பிடித்தது என்னடே?”

“வேலை முடிஞ்சா உடம்பு வலி தெரியாது. கூட்டாளிகளும் இருப்பாங்க.”

“பிடிக்காதது?”

“திங்கள்கிழமை வேலைக்குப் போக முடியல்ல. அம்மைக்கு மருந்து வாங்கக் காசு தெவையல்ல.”

“அம்மையைப் பற்றிச் சொல்லு.”

இவ்வளவே. பிடித்ததை முதலில் கேட்டதால் அவன் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மையின் மருந்தை அவனே எடுத்து வைத்தான்; நாம் எடுத்து வைத்திருந்தால் குத்தலாக இருந்திருக்கும்.

நடுவயது மிகக் கடினம். இங்கே முதலில் வருபவர் குடிப்பவர் அல்லர், அவர் மனைவி. அவரை அழைத்து வராமல் நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று கேட்டு அனுப்பிவிடுவது கொடுமை. அவருடைய தூக்கம், கடன், பாதுகாப்பு இவற்றைப் பற்றித் தனியே பேசவேண்டும். கணவர் வந்தாலும் வராவிட்டாலும் அது தேவை.

நடுவயதில் நம் பக்கத்து ஆண்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு ஆண்டுதோறும் வருகிறது. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலையிட்டு 41 நாள் நோன்பிருப்பவர் பலர். கடற்கரை ஊர்களில் தவக்காலத்தில் குடியை நிறுத்துவோரும் உண்டு. “என்னால் விட முடியாது” என்பவரிடம், “போன மண்டலத்தில் எத்தனை நாள் இருந்தீர்கள்?” என்று கேட்டால் அவர் முகமே மாறும். அந்த நாற்பத்தொரு நாளில் எது துணை நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கழுத்து மாலையா, எல்லாரும் ‘சாமி’ என்று அழைத்ததா, மாலை வேளையில் போக ஒரு பசனை மடம் இருந்ததா? நாற்பத்திரண்டாம் நாள் இவை யாவும் ஒருசேரப் போய்விடுகின்றன, விழுவது அன்றுதான். அந்த நாளுக்கான ஏற்பாட்டை நோன்பின் நடுவிலேயே பேசித் தொடங்கிவிட வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்களைக் கண்டு உளறலாம். அதைச் சாமி வந்ததென்றோ, பேய் பிடித்ததென்றோ எண்ணி வீட்டில் வைத்திருந்தால் உயிருக்கே கேடு. இத்தகையோர் மாலையிடுமுன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்தும் பி1 உயிர்ச்சத்தும் கொடுத்துப் பக்குவமாக நிறுத்தும் முறை உண்டு. நெய்யாற்றின்கரைப் பொது மருத்துவமனையில், கேரள ஆயத்துறையின் ‘விமுக்தி’ திட்டத்தின் கீழ் இதற்கென ஒரு பிரிவு ஏற்படுத்தப்பட்டது. அத்திட்டத்தின் கட்டணமில்லாத தொலைபேசி எண் 14405.

பரிசுச்சீட்டைப் பற்றி ஒரு சொல். இது போதையா என்று சிரிப்பவர் உண்டு. 2013இல் அமெரிக்க உளமருத்துவர்கள் தம் நோய்ப்பட்டியலில் சூதாட்டக் கோளாற்றை மதுவும் கஞ்சாவும் இருக்கும் அதே அதிகாரத்தில் சேர்த்தனர். கேரளச் சீட்டின் சிறு பரிசுகள் கடைசி நான்கு எண்களுக்கு உரியவை. மூன்று எண் பொருந்தி ஒன்று தவறினால், தோற்றவன் ‘நூலிழையில் போயிற்று’ என்று எண்ணுகிறான். மூளை அதைப் பாதி வெற்றியாகக் கொள்கிறது. உண்மையில் அதுவும் தோல்வியே. அடுத்த குலுக்கலுக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. இதை வாதிட்டுப் புரியவைக்க இயலாது. மூன்று மாதம் வாங்கிய சீட்டின் விலையையும் விழுந்த பரிசையும் ஒரு நோட்டில் அவரே எழுதிவரச் சொல்வது நல்லது. கூட்டிப் பார்ப்பதும் அவரே செய்யட்டும்.

முதியோரிடம் “இனி விட்டு என்ன, இன்னும் எத்தனை நாள்?” என்னும் கேள்வி எழும். பிள்ளைகளே அதைக் கேட்பதும் உண்டு. வயதானால் உடலில் நீர் குறைகிறது; முன்பு குடித்த அதே அளவு இப்போது குருதியில் கூடுதலாக ஏறும். இரத்தக்கொதிப்பு மாத்திரையும் தூக்க மாத்திரையும் அதனோடு சேர்ந்தால் இரவில் முற்றத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறியும். விட்டால் கிடைப்பது ஆயுள் மட்டுமன்று, விழாத இரவுகளும்தான். பனையேறி ஓய்ந்த பெரியவரிடம் கள்ளைப் பற்றிப் பேசும்போது, அக்கானியைப் பற்றியும் கருப்புக்கட்டி காய்ச்சியதைப் பற்றியும் முதலில் கேளுங்கள். அவர் தம் தொழிலின் மதிப்போடு பேசத் தொடங்குவார். மக்கள் வெளிநாட்டில், துணைவி மறைந்தாயிற்று என்றால், மாலை ஐந்து மணிக்கு அவர் எங்கே போவார் என்பதே கேள்வி. கள்ளுக்கடையில் கிடைப்பது கள் மட்டுமன்று.

பாட்டிமாரை எல்லாரும் மறந்துவிடுகின்றனர். வெற்றிலையோடு புகையிலைத் துண்டும் அடக்கியிருப்பதை யாரும் பழக்கமாகவே எண்ணுவதில்லை. வெற்றிலைச் செல்லம் வீட்டின் மங்கலப் பொருள் அல்லவா? திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 ஊராட்சிகளில் 1996 முதல் வீடு வீடாகச் சென்று வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்த ஆராய்ச்சி ஒன்று நடந்தது. புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பை அச்சோதனை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்னும் முடிவு 2005இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. ஊசி இல்லை, கருவி இல்லை. நல்ல வெளிச்சமும் பழகிய கண்ணுமே வேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள், பாட்டியை அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வாயைக் காட்டச் செய்யலாம். வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் மருத்துவர் சொல்வார். புகையிலையை நிறுத்துவது பற்றிய பேச்சை, திரும்பி வரும் பேருந்தில் பாட்டியே தொடங்கக்கூடும்.