விலகி நிற்பதன் சிரமம்

சிரஞ்சீவி சண்முகத்திற்கு மாமாவின் ஆசீர்வாதம்.

2020-ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்தில், விலகி நில்லுங்கள் என்று அரசாங்கம் அத்தனை முறை சொல்லியும் ஜனங்கள் கேட்கவில்லையே, அவர்களுக்குப் பயமே இல்லையா என்று கேட்டிருந்தாய். பயத்தினாலேயே விதி மீறப்பட்ட நாளும் உண்டு, அப்பா. சென்னை, கோவை, மதுரை நகரங்களில் ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்ற அறிவிப்பு வந்ததும், வீட்டில் அரிசி பருப்பு தீர்ந்துவிடுமோ என்ற கலக்கத்தில், 25-ஆம் தேதி காலையில் மளிகைக் கடைகளிலும் காய்கறிச் சந்தைகளிலும் ஜனங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமியைவிடக் கண்ணெதிரே இருக்கும் காலி டப்பா பெரிய பயமாகிவிட்டது.

ஆனால் பயத்தைக் காட்டிலும் பெரிய இடையூறு பிரியம்தான். அந்நியனைக் கண்டு ஒதுங்க யாருக்கும் சிரமம் இருந்ததில்லை. காய்ச்சலும் இருமலும் தோன்றுவதற்கு இரண்டொரு நாள் முன்னரே இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றக்கூடும் என்று வைத்தியர்கள் சொன்னதைக் கேட்டிருந்தும், திடகாத்திரமாகச் சிரித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் தம்பியை எந்த அக்காள்தான் அப்படிச் சந்தேகிப்பாள்?

இந்தப் பிரியம் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடம் சாவு வீடு. கலியாணத்துக்குப் போகாதவனை மன்னிக்கும் நம் சமூகம், துக்கத்துக்கு வராதவனை லேசில் மன்னிப்பதில்லை. இறுதிச் சடங்கில் இருபது பேருக்கு மேல் கூடலாகாது என்பது அப்போதைய உத்தரவு. பிள்ளைகள், மருமக்கள், பங்காளிகள், கோடி எடுத்துவரும் பிறந்த வீட்டார், பாடைக்குத் தோள் கொடுப்பவர்கள் என்று எண்ணத் தொடங்கினால், அடுத்த தெருச் சிநேகிதர் வருவதற்குள் இருபதும் நிறைந்துவிடும். ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதே பழகிய நம் பெண்களுக்கு, எட்ட நின்று அழுவதற்கு யார் கற்பித்தார்கள்?

இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. உத்தரவை மீறிப் போனவன் கடமையைச் செய்த திருப்தியுடன் வீடு திரும்பினான். உத்தரவுக்குக் கட்டுப்பட்டு வீட்டில் இருந்தவனோ, நன்றிகெட்டவன் என்ற பழியைச் சுமந்தான். அவன் போகாததால் நோயிலிருந்து தப்பியவர் இன்னார் என்று சொல்ல முடியாததால், அவனுடைய தியாகத்துக்குச் சாட்சியும் இல்லை, நன்றியும் இல்லை. இத்தகைய நிலையில் அபராதமும் போலீஸ் தடியும் எவ்வளவு தூரம் உதவும்?

சில குடும்பங்கள் இதற்கு நல்லதொரு வழி கண்டன. துக்க வீட்டாரே முந்திக்கொண்டு, ‘யாரும் புறப்பட வேண்டாம், நாங்கள் தவறாக நினைக்கமாட்டோம், எல்லாம் அடங்கியபின் வந்து பாருங்கள்’ என்று உறவினர்களுக்குப் போனில் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையில் நூறு பேருடைய குற்ற உணர்ச்சி நீங்கியது. போகலாமா கூடாதா என்பதை ஒவ்வொருவனும் தனித்தனியே தன் மனச்சாட்சியோடு போராடித் தீர்மானிக்கும்படி விடாமல், பழி சொல்லும் உரிமை உள்ளவர்களே அதைத் துறந்தார்கள். அப்படியொரு காலம் மறுபடியும் வருமானால், நம் ஆச்சி தானாக ‘வராதே’ என்று ஒருபோதும் சொல்லமாட்டாள். அவளிடம் அந்தச் சம்மதத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி, மற்றப் பேரப்பிள்ளைகளுக்கும் நீயே தெரிவித்துவிடு.

இப்படிக்கு,
உன் மாமா