டூயல் ஸ்போர்ட் பைக் வாங்கப் போறீங்களா? பவருக்கு முன்னாடி எடையைப் பாருங்க

வேலைக்குச் சேர்ந்து ஒண்ணு ரெண்டு வருஷம் ஆனதும் நம்மில் பல பேருக்கு வர்ற ஆசை இது: ஆபீஸுக்கும் ஓட்டணும், லீவு கிடைச்சா மலை ஏறணும், மண் ரோட்டுலயும் போகணும். இந்த மூணுக்கும் சேர்த்து வர்ற வண்டிதான் டூயல் ஸ்போர்ட். ஹெட்லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எல்லாம் இருக்கும், அதனால ரோட்டுல ஓட்டலாம். நீளமான சஸ்பென்ஷன், பெரிய முன்சக்கரம் இருக்கும், அதனால கரடுமுரடான பாதையிலும் போகலாம்.

ஷோரூமுக்குப் போனா முதல்ல காதுல விழுறது "எத்தனை சிசி, எத்தனை பிஎஸ்" என்பதுதான். நான் சொல்ற வரிசை வேற. முதல்ல எடை, ரெண்டாவது பராமரிப்பு, கடைசியா பவர். ஏன்னா பவரை நீங்க எப்பவாவதுதான் முழுசா பயன்படுத்துவீங்க. எடையை தினமும் தூக்கிச் சுமக்கணும். பராமரிப்புச் செலவு மாசா மாசம் சம்பளத்துல இருந்து போகும்.

முதல்ல எடை

நம்ம ஊர்ல கிடைக்கிற மூணு வண்டிகளை எடுத்துக்குவோம்.

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி: சுமார் 159 கிலோ, சுமார் 19 பிஎஸ்.
சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ்: 167 கிலோ, 26.5 பிஎஸ்.
ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450: 196 கிலோ, 40 பிஎஸ்.

எக்ஸ்பல்ஸுக்கும் ஹிமாலயனுக்கும் 37 கிலோ வித்தியாசம். நல்ல தார் ரோட்டுல 80-ல போறப்ப இது தெரியவே தெரியாது. சொல்லப்போனா எடை கூடின வண்டி காத்துக்கு அசையாம நிக்கும், சொகுசா இருக்கும். ஆனா அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல ரெண்டு காருக்கு நடுவுல இருந்து பின்னாடி தள்ளி எடுக்கும்போது தெரியும். மழைச் சேத்துல ஒரு கால் வழுக்கும்போது தெரியும். தனியா போன இடத்துல வண்டி சாய்ஞ்சிட்டா ரொம்ப நல்லாவே தெரியும்.

மண் பாதையில வண்டி சாயறது சகஜம். அதனால "இதைத் தனியா என்னால தூக்கி நிறுத்த முடியுமா?" என்பதுதான் முதல் கேள்வி. தூக்குறதுக்கும் ஒரு முறை இருக்கு. முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. வண்டி உருளாம இருக்க கியர்ல போடுங்க. வலது பக்கம் சாய்ஞ்சிருந்தா சைடு ஸ்டாண்டை முன்னாடியே எடுத்து விட்டுடுங்க. வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பை சீட்டுல அண்டக் கொடுத்து, ஒரு கையில ஹேண்டில்பாரையும் இன்னொரு கையில பின் கம்பியையும் பிடிச்சு, கால் பலத்துல சின்னச் சின்ன அடியா பின்னாடி நகருங்க. குனிஞ்சு முதுகால இழுத்தா இடுப்பு பிடிச்சுக்கும்.

ஷோரூம்ல வண்டியைச் சாய்ச்சுப் பார்க்க விட மாட்டாங்க. அதுக்குப் பதிலா ரெண்டு சோதனை பண்ணுங்க. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு லேசான மேட்டுல பின்னாடி தள்ளிப் பாருங்க. அப்புறம் சீட்டுல உட்கார்ந்து ஒரு சின்ன தெருவுல யூ-டர்ன் போடுங்க. ரெண்டுலயும் திணறினா, அந்த வண்டி உங்களுக்கு ஜாஸ்தி.

சீட் உயரமும் இதோட சேர்ந்ததுதான். எக்ஸ்பல்ஸ் 825 மிமீ, வி-ஸ்ட்ராம் 835 மிமீ, ஹிமாலயன் 450-ல 825-ல இருந்து 845 வரைக்கும் மாத்திக்கலாம். ரெண்டு குதிகாலும் தரையில படணும்னு அவசியமில்லை. ஆனா ஒரு பாதமாவது நல்லா ஊன்றணும். கால் எட்டாத வண்டியில 10 கிலோ கூட 30 கிலோ மாதிரி இருக்கும்.

எடை குறைஞ்சா எல்லாமே லாபமா? இல்லை. கவாஸாகி கேஎல்எக்ஸ் 230 வெறும் 139 கிலோதான், காட்டுப் பாதைக்கு அருமை. ஆனா டேங்க் 7.6 லிட்டர்தான், சீட் உயரம் 880 மிமீ. லிட்டருக்கு 30 கிமீ கொடுத்தாலும் 230 கிலோமீட்டருக்குள்ள பங்கைத் தேடணும். லாங் டிரிப் போறவங்களுக்கு இது தலைவலி.

பராமரிப்பு: விலைப் பட்டியல்ல எழுதாத செலவு

டூயல் ஸ்போர்ட் வண்டிக்குச் சாதாரண கம்யூட்டர் பைக்கை விடக் கவனிப்பு அதிகம் வேணும். புழுதியில ஓட்டினா ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். செயினை 500 கிமீக்கு ஒரு தடவை, மழையில ஓட்டினா அதுக்கு முன்னாடியே, சுத்தம் பண்ணி லூப் அடிக்கணும். ஸ்போக் சக்கரத்துல கம்பிகள் தளர்ந்திருக்கான்னு அப்பப்ப பார்க்கணும்.

பஞ்சரை மறந்துடாதீங்க. எக்ஸ்பல்ஸ் 200-ல ஸ்போக் சக்கரம், டியூப் டயர். பஞ்சர் ஆனா சக்கரத்தைக் கழட்டித்தான் ஆகணும். வி-ஸ்ட்ராம்ல அலாய் சக்கரம், டியூப்லெஸ். ஒரு பஞ்சர் கிட் இருந்தா பத்து நிமிஷத்துல நீங்களே சரி பண்ணிடலாம். ஆனா பாறையில பலமா அடிச்சா அலாய் உடையலாம், ஸ்போக் வளைஞ்சு தாங்கும். ஹைவே அதிகமா, மண் பாதை அதிகமா என்பதை வச்சு இதை முடிவு பண்ணுங்க.

அடுத்தது கூலிங். ஹிமாலயன் 450 லிக்விட் கூல்டு. ரேடியேட்டர், கூலண்ட், ஹோஸ், ஃபேன்னு கவனிக்க நாலு விஷயம் கூடுது. கல் அடிச்சு ரேடியேட்டர் ஓட்டையானா வண்டி அங்கேயே நின்னுடும். எக்ஸ்பல்ஸ் 200-லயும் வி-ஸ்ட்ராம்லயும் ஆயில் கூலிங்தான், வேலை குறைவு. வாங்குறதுக்கு முன்னாடி உங்க ஊர் சர்வீஸ் சென்டருக்கு ஒரு நடை போய், கிளட்ச் லீவர், பிரேக் பேட், ஏர் ஃபில்டர், செயின் செட் விலையைக் கேட்டு எழுதிட்டு வாங்க. ஸ்டாக் இருக்கான்னும் கேளுங்க.

பவர்: எவ்வளவு போதும்?

ஓட்டுறவர், லக்கேஜ் எல்லாம் சேர்த்து 85 கிலோன்னு வச்சுக்குவோம். அப்போ மொத்த எடையில ஒவ்வொரு 100 கிலோவுக்கும் எக்ஸ்பல்ஸ்ல 7.8 பிஎஸ், வி-ஸ்ட்ராம்ல 10.5, ஹிமாலயன்ல 14.2 கிடைக்குது. பின்னாடி ஒருத்தரை உட்கார வச்சுக்கிட்டு ஹைவேயில நாள் முழுக்க 100-ல போறவங்களுக்கு ஹிமாலயனோட பவர் நிஜமாவே தேவை. எக்ஸ்பல்ஸ் அந்த வேகத்துல மூச்சு வாங்கும்.

லடாக் கனவு இருக்கிறவங்க இன்னொரு விஷயத்தையும் தெரிஞ்சுக்கணும். 5,000 மீட்டர் உயரத்துல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல பாதியை ஒட்டித்தான் இருக்கும். இன்ஜின் பவரும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறையும். 19 பிஎஸ் வண்டி 10 பிஎஸ் வண்டியாகிடும், 40 பிஎஸ் வண்டி 20 சொச்சமாகிடும். சின்ன வண்டியிலயும் போகலாம், மெதுவாத்தான் ஏறும். ஆனா லடாக் வாழ்க்கையில எத்தனை நாள்? மீதி நாளெல்லாம் ஓட்டப்போறது ஆபீஸ் ரோட்டுலயும், கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவு மாதிரி இடங்கள்லயும்தான். வளைவுல ஜெயிக்கிறது எடை குறைஞ்ச வண்டி.

350 சிசி கோடு: பர்ஸ் கவனிக்க வேண்டிய இடம்

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்குமான பைக்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதுக்கு மேல 40 சதவீதம். வரிக்கு முந்தின விலை 2 லட்சம்னா, ஒண்ணு 2,36,000 ஆகும், இன்னொண்ணு 2,80,000 ஆகும். வரியில மட்டும் 44,000 வித்தியாசம்.

இன்ஷூரன்ஸும் அதே கோட்டுலதான் மாறுது. புது பைக்குக்கு 5 வருஷ தேர்டு பார்ட்டி கட்டாயம். 2022 ஜூன் கட்டணப்படி 150-க்கு மேல 350 சிசி வரைக்கும் 7,365 ரூபாய், 350-க்கு மேல 15,117 ரூபாய். இதுக்கு வரி தனி.

இப்போ மாசக் கணக்கைப் பார்ப்போம். ஒரு உதாரணம்தான். கையில வர்ற சம்பளம் 40,000. கடன் வட்டி 11 சதவீதம், 36 மாசம். மாசம் 1,000 கிமீ ஓட்டம், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்.

சின்ன வண்டி: கடன் 1.5 லட்சம், இஎம்ஐ 4,911. லிட்டருக்கு 40 கிமீன்னா பெட்ரோல் 2,500. பராமரிப்புக்கு ஒதுக்குறது 1,000. மொத்தம் 8,411, அதாவது சம்பளத்துல 21 சதவீதம்.

பெரிய வண்டி: கடன் 3 லட்சம், இஎம்ஐ 9,822. லிட்டருக்கு 28 கிமீன்னா பெட்ரோல் சுமார் 3,570. பராமரிப்புக்கு 2,000. மொத்தம் சுமார் 15,390, அதாவது சம்பளத்துல 38 சதவீதம்.

மாசம் 7,000 ரூபாய் வித்தியாசம். 36 மாசத்துக்கு ரெண்டரை லட்சம். உங்க ஆறு மாசச் சம்பளத்தை விடக் கொஞ்சம் அதிகம். வேலை போனா கை கொடுக்கிற எமர்ஜென்சி ஃபண்டை அந்த வண்டி டேங்க்குல ஊத்துறீங்களா என்பதுதான் உண்மையான கேள்வி.

அப்போ யார் எதை வாங்கலாம்?

தனியா ஓட்டுறீங்க, மண் பாதை பிடிக்கும், இதுதான் முதல் டூயல் ஸ்போர்ட் என்றால் எக்ஸ்பல்ஸ் ரகம். பெரும்பாலும் தார் ரோடு, அப்பப்ப மண் பாதை, பின்னாடி ஒருத்தர் என்றால் வி-ஸ்ட்ராம் ரகம். எமர்ஜென்சி ஃபண்ட் தயாரா இருக்கு, உடம்புல பலம் இருக்கு, வருஷத்துக்கு நாலஞ்சு லாங் டிரிப் நிச்சயமா போறீங்க என்றால் ஹிமாலயனைத் தாராளமா வாங்குங்க. அது நல்ல வண்டிதான், நேரம் பார்த்து வாங்கணும், அவ்வளவுதான்.

எதை எடுத்தாலும் பட்ஜெட்ல நல்ல ஹெல்மெட், கிளவுஸ், கணுக்காலை மூடுற பூட்ஸ் இதுக்கெல்லாம் முதல்லயே பணத்தை எடுத்து வச்சிடுங்க. வண்டிக்கே எல்லாம் போயிட்டு செருப்போட மலை ஏறாதீங்க.

இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. கடந்த மூணு மாசம் நீங்க ஓட்டின கிலோமீட்டரை ஆபீஸ், ஹைவே, மண் பாதைன்னு மூணாப் பிரிச்சு எழுதுங்க. எந்த வண்டி வேணும்னு அந்தத் தாளே சொல்லிடும்.