புயலுக்குப் பிறகு துடைப்பம் எடுக்கும் முன்

ஒடிசா மாநிலத்தில், கடலோரத்தில் உள்ள ஊர் பூரி. 2019 மே 3 அன்று ஃபானி புயல் அங்கே கரை கடந்தது. அதற்கு முன்பே சுமார் 12 லட்சம் பேரை அரசு பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பிவிட்டது. பல உயிர்கள் தப்பின. ஆனால் வீட்டையும் கடையையும் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

கடலோரத்தில் வாழ்பவர்கள் இன்சூரன்ஸ் எடுப்பது நல்லது. 2021 முதல் வீடுகளுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பாலிசி உள்ளது. புயல், வெள்ளச் சேதத்துக்கும் இதில் பணம் கிடைக்கும். கடைக்கு வேறு பாலிசி. அதில் புயல் என்ற சொல் இருக்கிறதா? நீங்களே எழுத்துக் கூட்டிப் படித்துப் பாருங்கள்.

புயல் எச்சரிக்கை வந்ததா? கூரையை இழுத்துக் கட்டுங்கள். சரக்கை உயரத்தில் வையுங்கள். அதைப் படம் எடுங்கள். பாலிசியையும் சரக்கு வாங்கிய ரசீதுகளையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, முகாமுக்குக் கையோடு கொண்டுபோங்கள்.

திரும்பி வந்ததும் துடைப்பத்தைத் தேடுவோம். நனைந்த அரிசி மூட்டையைத் தெருவில் கொட்டுவோம். நம் வழக்கம் அப்படி. சற்றுப் பொறுங்கள். முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். சேதத்தை மதிப்பிட சர்வேயர் வருவார். அவர் பார்க்கும்வரை கெட்ட சரக்கை எறியாதீர்கள். நல்ல சரக்கைப் பிரித்துக் காய வைக்கலாம். மனு கொடுத்தால், அதன் நகலில் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.