சங்கத்திற்கு ஓர் இணையக் கடை: திட்டமிடும் முறை

கே.ஜி.கண்டிகை, திருத்தணி வட்டாரங்களில் நெசவாளரும் பயிர்த்தொழில் செய்வோரும் கூடுமிடத்தில், “நம் சங்கத்திற்கும் ஓர் இணையதளம் வேண்டாமா?” என்னும் கேள்வி எழுவது இயல்பே. கேள்வி நல்லது. ஆனால் அதற்கு விடை காணும் முறையே பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. எவரோ ஒருவரிடம் விலைப்புள்ளி வாங்கப்படுகிறது; அவர் காட்டும் வண்ணப் படங்களைப் பார்த்து நிர்வாக சபையினர், “இது அழகு, அது அழகு” என்கின்றனர்; பணமும் கொடுக்கப்படுகிறது. இந்தத் தளம் யாருக்காக, எந்தச் சரக்கை விற்பதற்காக, யார் பொறுப்பில் நடக்கும் என்பவை எங்கும் எழுதப்படுவதில்லை. பாவு ஓட்டுமுன் நீளமும் அகலமும் இழைக்கணக்கும் குறித்துக்கொள்ளாத நெசவாளர் எவருமில்லர். அந்த முறையையே இங்கும் கைக்கொள்ளலாம். ஆகவே கணிப்பொறியைத் தொடுவதற்கு முன் காகிதத்தில் செய்யவேண்டிய வேலையையே இக்கட்டுரையில் பெரிதும் ஆராய்வோம்.

முதலாவது, கடை தேவைதானா என்று பார்க்கவேண்டும். ஒரு சங்கத்தின் துணி முழுவதும் 1935ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்திற்கோ, 1983ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டத்திற்கோ சென்றுவிடுமானால், அச்சங்கத்திற்கு இணையக் கடையால் ஆவது ஒன்றுமில்லை. நூல் எப்போது வந்தது, கூலி விகிதம் என்ன, பேரவைக் கூட்டம் என்று என்பவற்றைச் சொல்லும் அறிவிப்புப் பலகையாக ஒரே ஒரு பக்கம் இருந்தால் போதும். கரும்பு பயிரிடுவோர் நிலையும் இதுவே. திருவாலங்காட்டிலுள்ள திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் கரும்பைப் பதிந்தவர் வாங்குவோரைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது வெட்டு உத்தரவும் பணம் வரும் நாளும். மாங்காயோ நிலக்கடலையோ தாமே விற்கவேண்டியவர் நிலை வேறு. சொந்தச் சரக்கைச் சொந்தப் பெயரில் விற்க முனையும் சங்கத்திற்கே மேற்கொண்டு சொல்லுவன பொருந்தும்.

அத்தகைய சங்கம் அடுத்தபடியாக வாங்குவோரை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் வட்டாரத்தில் இவர்கள் பலதிறத்தினர். ஆடிக் கிருத்திகைக்கு மலையேறி, திரும்பும் வழியில் ஒரு துண்டோ கைலியோ வாங்கிச் சென்று, மறு ஆண்டுவரை நம்மை மறந்திருப்பவர் ஒருவர். சென்னையிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு, ஊர்த்துணி வேண்டுமென்று ஏங்குபவர் மற்றொருவர். எல்லைக்கு அப்பால் நகரியிலும் புத்தூரிலும் கடை வைத்திருக்கும் வியாபாரி இன்னொருவர். திருத்தணி 1960 ஏப்ரல் முதல் நாளில் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; அதற்குமுன் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைக்கோடு மாறினாலும் சந்தைப் பேச்சு மாறவில்லை. ஆகையால் நம் தளத்தில் தமிழோடு தெலுங்கும் இடம்பெறுவது உபசாரமன்று, வியாபாரத் தேவை. வெளிநாட்டாரை நாடினால் ஆங்கிலமும் வேண்டும். ஆயினும் மூன்று மொழிகளில் தொடங்கி, இரண்டைக் கைவிட்டுப் பழைய விலைகளோடு கிடக்க விடுவதைக் காட்டிலும், ஒரே மொழியில் ஒழுங்காக நடத்துவது மேல்.

இனி, பெயர். எல்லாவற்றிலும் மிகுந்த கவனத்துக்குரியது இதுவென்று நாம் கருதுகிறோம். இணைய முகவரி என்பது கடையின் பெயர்ப்பலகை. நம் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதப் புகுந்தால், முதலெழுத்துகளுக்குப் புள்ளி உண்டா, நடுவில் வருவது ‘டி’ ஒன்றா இரண்டா, ‘கை’யை எப்படி எழுதுவது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவர். எனவே ஒரு சோதனை செய்யலாம்: எண்ணியிருக்கும் பெயரைத் தொலைபேசியில் ஒருமுறை மட்டும் ஓர் அயலாரிடம் சொல்லி, அவர் எழுதிக்கொண்டதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பிழையின்றி எழுதியிருந்தால் பெயர் நன்று. இல்லையேல் வேறு பெயர் தேடுக. பெயரின் இறுதிப் பகுதியாக ‘.இன்’ என்பது 2005 முதல் எவரும் எளிதிற் பெறக்கூடியதாயிருக்கிறது. கூட்டுறவு நிறுவனங்களுக்கென்றே 2000ஆம் ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ‘.கூப்’ என்பதும் உண்டு. தனியார் அதைப் பெறமுடியாதாகையால் சங்கத்திற்கு அது ஒரு சான்றிதழ் போன்றது. தமிழெழுத்திலேயே அமையும் ‘.இந்தியா’ முகவரியும் இருக்கிறது. அதைத் துணை முகவரியாக வைத்துக்கொள்ளலாம்.

பெயரைத் தேர்ந்தபின் அது யார் பேரில் பதிவாகிறது என்பதைப் பார்க்கவேண்டும். தளம் அமைத்துக் கொடுப்பவர், “அதையும் நானே பார்த்துக்கொள்கிறேன்” என்பார். நல்லெண்ணத்தோடு சொல்வதாகவே இருக்கலாம். ஆனால் அவர் தம் பெயரில், தம் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்தால், சட்டப்படி பலகை அவருடையது. நாளை அவர் தொழிலை விட்டாலும், நம்மோடு பிணங்கினாலும், ஐந்தாண்டுகளாக வாடிக்கையாளர் மனத்தில் பதிந்த முகவரி நம் கைவிட்டுப் போகும். துணிப்பையிலும் ரசீதிலும் அச்சிட்டதெல்லாம் வீணாகும். பதிவு என்றென்றைக்கும் உரியதன்று. ஆண்டுக்கணக்கில் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டியது. தவணை தவறினால் வேறொருவர் அதை எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே பதிவு சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில், சங்கத்தின் தொலைபேசி எண்ணில் இருக்கவேண்டும். கடவுச்சொற்களை எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்துத் தீர்மானப் புத்தகத்தோடு இரும்புப் பெட்டியில் வைக்கலாம். காரியதரிசி மாறும்போது, ரொக்கக் கையிருப்பை ஒப்படைப்பது போலவே இதையும் ஒப்படைத்து, கடவுச்சொற்களை மாற்றிவிட வேண்டும்.

சரக்கைக் காட்டும் பக்கத்திற்கு வருவோம். கடைக்கு வந்தவர் துணியைத் தொட்டுப் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், முகர்ந்தும் பார்ப்பார். இணையத்தில் வருபவருக்கு இவை ஒன்றுமில்லை. அவர் விரல் செய்யவேண்டிய வேலையை நம் சொல் செய்யவேண்டும். “அழகிய சேலை” என்று எழுதுவதால் பயனில்லை. உடல் ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துண்டு எண்பது சென்டிமீட்டர், அகலம் இவ்வளவு, பாவு இந்த நம்பர் நூல், ஊடை இந்த நம்பர் நூல், முதல் சலவையில் சாயம் விடுமா விடாதா, எடை எத்தனை கிராம் என்று எழுதுக. படத்தை விளக்கொளியில் எடுக்காமல், காலை வேளையில் நிழற்பாங்கான திண்ணையில் எடுத்தால் நிறம் ஏறக்குறைய உள்ளபடி விழும். முழுச்சேலைக்கு ஒரு படம், கரைக்கு ஒன்று, முந்தானைக்கு ஒன்று, துணியின் பின்புறத்திற்கு ஒன்று. பின்புறத்தைக் காட்டும் கடைகள் அரிது. காட்டினால் அறிந்தவர் நம்புவர்.

இங்கே ஒரு செய்தியை மறைக்காமற் சொல்லவேண்டியிருக்கிறது. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை முதலிய நம் அண்டை ஊர்களில் விசைத்தறிகள் மிகுதி. விசைத்தறித் துணியை அப்பெயராலேயே விற்பதில் இழுக்கு எதுவுமில்லை. ஆனால் அதற்குக் ‘கைத்தறி’ என்று பெயரிடலாகாது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது; 2006இல் கைத்தறி முத்திரையும் ஏற்பட்டது. உண்மையான கைத்தறியை நெய்யும் சங்கம் அம்முத்திரையைப் பெற்றுப் படத்திலேயே காட்டலாம். கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் 2010களின் முற்பகுதியில், நெய்தவரின் படத்தையும் பெயரையும் கொண்ட அட்டையைப் பட்டுச் சேலைகளோடு இணைக்கும் வழக்கத்தைத் தொடங்கியது. அவ்வழக்கம் இணையப் பக்கத்திற்கு மிகவும் ஏற்றது. நெய்தவரின் சம்மதம் பெற்றுச் செய்யவேண்டும் என்பதுமட்டும் நினைவிலிருக்கட்டும்.

சரக்கு எத்தனை வகை இருக்கவேண்டும்? 1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில், நெசவாளர்கள் உள்ளிட்ட தொழிலாளர்கள் தொடங்கிய கூட்டுறவுக் கடையில் முதல் நாளன்று இருந்தவை வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகிய சிலவே. கலப்பில்லாத சரக்கு, குறையாத எடை என்பதால் அது நிலைத்தது. நாமும் ஐந்தாறு வகைகளோடு தொடங்கலாம். மில் துணியைப் போல ஆயிரம் உருப்படிகள் நம்மிடம் இரா. ஒரே பாவில் வரும் சேலைகள் சிலவே. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் ‘கையிருப்பில் உள்ளது’ அல்லது ‘நெய்து தரப்படும், இத்தனை நாளாகும்’ என்று எழுதவேண்டும். கடைக்காரர் ஒரு சேலையை நேரில் விற்றுவிட்டு அன்றைக்கே தளத்தில் குறைக்கவில்லையென்றால், அதே சேலைக்கு இரண்டாவது ஒருவர் பணம் கட்டியிருப்பார். 2016 முதல் கைப்பேசி வழியே பணம் நொடியில் வந்துவிடுகிறது. திருப்பிக் கொடுப்பதற்குத்தான் நம் சங்கங்களில் மூன்று கையெழுத்து வேண்டியிருக்கிறது!

அஞ்சற் செலவையும் முன்னரே கணக்கிடுக. 120 ரூபாய்த் துண்டு ஒன்றை அனுப்ப 60 ரூபாய் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம், எவரும் வாங்கார். ஆறு துண்டுகளை ஒரு கட்டாக 720 ரூபாய்க்கு வைத்து, அனுப்பும் செலவு 90 என்றால், துண்டுக்கு 15 ரூபாய்தான். எனவே துண்டையும் கைலியையும் கட்டாக விற்பதும், சேலையைத் தனியாக விற்பதும் பொருந்தும்.

சட்டத்தின் கட்டளையும் உண்டு. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர்க்கும் அலுவலர் பெயர் ஆகியவை தளத்தில் தெளிவாக இருக்கவேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்திற்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்க்கவேண்டும். வாங்குவோரின் சம்மதக் கட்டத்தில் நாமே முன்கூட்டி அடையாளமிட்டு வைப்பதும் கூடாது.

தோற்றத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். 1991இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து டிம் பெர்னர்ஸ்-லீ உலகுக்குத் திறந்த முதல் தளத்தில் படமோ வண்ணக் கோலமோ இல்லை. சொற்களும் இணைப்புகளுமே இருந்தன. வாங்குவோர் பெரும்பாலும் கைப்பேசியில் பார்ப்பவராதலால், எழுத்து பெரிதாகவும், படங்கள் எடை குறைந்தும் இருக்கவேண்டும். ஒரு படம் இருநூறு கிலோபைட்டைத் தாண்டாதிருப்பது நன்று. தமிழைப் படமாக ஒட்டாமல் யூனிகோடு எழுத்தாகவே இடுக. அப்போதுதான் தேடுபொறி அதைப் படிக்கும், கண்பார்வையற்றவரின் கருவியும் அதை வாசித்துக் காட்டும்.

வேலை முடிந்ததென்று ஒப்பந்தக்காரர் சொன்னவுடன் இறுதித் தொகையைக் கொடுத்துவிடாதீர்கள். ஐந்து பேரைச் சோதித்தால் குறைகளில் பெரும்பாலானவை வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்னும் அறிஞர் 2000ஆம் ஆண்டில் எழுதினார். சங்கத்தோடு தொடர்பற்ற ஐவரை அழைத்து, கைப்பேசியைக் கொடுத்து, “நீலக்கட்டம் போட்ட கைலி இரண்டு வாங்குங்கள்” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் பார்த்திருங்கள். எங்கே தயங்குகிறார்கள், எங்கே திரும்பிப் போகிறார்கள் என்று குறித்து, அவற்றைத் திருத்தியபின் பணம் கொடுக்கலாம்.

நிர்வாக சபைத் தீர்மானத்தில் இவை பெயரோடும் தேதியோடும் வரவேண்டும்: தினந்தோறும் கையிருப்பைத் திருத்துபவர் யார், வரும் கேள்விகளுக்கு மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்பவர் யார், அவர் விடுப்பில் போனால் மாற்று யார், ஆண்டுப் புதுப்பித்தல் தொகை எந்தக் கணக்குத் தலைப்பில் ஒதுக்கப்பட்டது, முகவரிப் பதிவு காலாவதியாகும் நாள் எது. கடைசியாகச் சொன்ன நாளைச் சங்க அலுவலகத்துச் சுவர் நாட்காட்டியில், அதற்கு இரண்டு மாதம் முன்னதாகவே, சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள்.